வேனுக்குள்ள ஷவர், அடியில கழிவுநீர் டேங்க்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

சக்கரவீடு
60 லிட்டர் டேங்க், தட்டையா, வேனோட நீளவாக்குல. ஷவர் பைப் அதோட முன்பக்க மூலையில இறங்குது. முக்கால்வாசி நிறைஞ்சிருந்த நேரம், ஒரு இறக்கத்துல யாரோ குறுக்க வந்ததும் பிரேக்கை அமுக்கினேன். பின்னால "குபுக்"னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, முந்தின நாள் குளிச்ச தண்ணி, நின்னு குளிக்கிற ஷவர் ட்ரேயோட ஓட்டை வழியா மேல வந்து நிக்குது. சாம்பல் நிறம், நடுவுல நுரைத் திட்டு, அதுல ஒரு சுருட்டை முடி மெதுவா சுத்துது. அடுத்த பிரேக்குல விளிம்பு தாண்டி மெத்தையை நனைச்சிடுச்சு.

மெத்தையைக் காயவச்சுட்டேன். ஆனா இறக்கம் வந்தாலே கழுத்து தானா பின்னால திரும்புது. உங்க யாருக்காவது இப்படி ஆச்சா?

மூக்குசாய்ஞ்சவன்
எனக்கு டேங்க் பிரச்சனை இல்ல, ட்ரேதான். அடிக்கு கால் அங்குலம் சாய்வு, ரசமட்டம் வச்சுப் பார்த்துப் பார்த்து போட்டேன். வேன் மட்டமா நின்னாத்தானே அதெல்லாம்! மூக்கு தாழ்ந்த இடத்துல நிறுத்திட்டு குளிக்கப் போனேன். ஓட்டை பின் மூலையில, தண்ணி முழுக்க முன் மூலையில. தலை நிறைய ஷாம்பு, கண்ணைத் திறக்க வழியில்ல. கதவு இடுக்குல சொட்டு... சொட்டு... அந்தப் பக்கம்தான் பேட்டரி பெட்டி வச்சிருக்கேன்னு அப்பதான் ஞாபகம் வந்தது. நுரையோட உட்கார்ந்து மக்கால மொண்டு மொண்டு ஓட்டைப் பக்கம் ஊத்தினேன். ட்ரேல ரெண்டு ஓட்டை எதிரெதிர் மூலையில வச்சிருக்கணும். இப்போ சக்கரத்துக்கு அடியில கட்டை வைக்காம குழாயைத் தொடுறதில்ல.

நாத்தம்பட்டவள்
ரெண்டு நாள் வெயில்ல பூட்டி வச்ச வேனைத் திறந்திருக்கீங்களா? அதுவும் டேங்க்ல பழைய சோப்புத் தண்ணியோட? நான் மூச்சை அடக்கிக்கிட்டு ஜன்னலைத் தேடினேன். பி-ட்ராப் போட்டிருந்தேன், அதான் வளைவுல தண்ணி தேங்கி வாடையை மறிக்கிற பைப், வாடையே வராதுன்னு நம்பி. டார்ச் அடிச்சுப் பார்த்தா ட்ராப் காஞ்சு கிடக்கு. ஓடுற ஓட்டத்துல குலுங்கி, அதுல நிக்க வேண்டிய தண்ணி போயிருக்கு. டேங்க் காத்து நேரா படுக்கைக்கு.

குழாய்ப்புலி
மேல சொன்னதை ஒத்துக்க மாட்டேன். பி-ட்ராப்பைக் குறை சொல்லாதீங்க, கிளம்பும்போது ட்ரே ஓட்டையை அடைச்சிருந்தா வாடை வந்திருக்காது. எனக்கும் ஒருமுறை நாறிச்சு, அடைப்பான் போட்டேன், தீர்ந்தது. என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். சக்கரவீடு, உங்க தப்பு ரெண்டு. பைப்பை முன்மூலையில இறக்கினது ஒண்ணு. பிரேக் போட்டா தண்ணி முழுக்க அங்கதான் பாயும். வென்ட், அதாவது டேங்க் காத்து வெளிய போற குழாய், அதைப் பத்தி வாயே திறக்காதது இன்னொண்ணு. டேங்க்குள்ள தண்ணி போகணும்னா காத்து வெளிய வரணும், வழி இல்லேன்னா ஷவர் ஓட்டை வழியாத்தான் குமிழ் விட்டு வரும். வென்ட் குழாயோட வாய் ட்ரேயை விட உயரமா, வேனுக்கு வெளியில இருக்கட்டும். ட்ரேக்கும் டேங்க்குக்கும் நடுவுல ஒரு பந்து வால்வு வச்சு, ஓட்டும்போது மூடுங்க. டேங்க்குள்ள தடுப்புத் தகடு இருந்தா அலம்பல் குறையும். அப்புறம் எடை: லிட்டருக்கு 1 கிலோ. உங்க டேங்க் நிறைஞ்சா 60 கிலோ, அதைப் பின்சக்கரத்துக்கும் பின்னால தொங்க விட்டா வண்டி ஆடும், ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல வைங்க. நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஊத்துற ஷவர்ல 5 நிமிஷம் நின்னா 30 லிட்டர், ரெண்டு பேர் குளிச்சா உங்க டேங்க் காலி, அதாவது நிறைஞ்சாச்சு. நனைச்சுட்டு மூடு, சோப்பு போடு, திறந்து அலசு. முடி வடிகட்டியை ட்ரேலயே...

நாத்தம்பட்டவள்
புலி சார், ட்ராப் காயும்னுதான் நானும் சொன்னேன். நீங்க அடைப்பான் போட்டதும் அதுக்குத்தானே? நான் ட்ராப்பைக் கழட்டிட்டு தண்ணி இல்லாத வால்வு வச்சுட்டேன். உள்ள ஒரு சிலிகான் சவ்வு, தண்ணி போனா விரியும், போனதும் ஒட்டிக்கும். குலுங்கினாலும் கொட்டுறதுக்கு அதுல ஒண்ணுமில்ல.

முட்டிக்கால்
கழிவுநீர் கொட்டுற இடத்துல முட்டி போட்டு வால்வை இழுத்தேன். ஹோஸ் சரியா மாட்டலை. முழங்கை வழியா சட்டைக் கைக்குள்ள இளஞ்சூடா இறங்கிச்சு. அந்தச் சூடுதான் மறக்க முடியல. பின்னால வரிசையில நின்னவர் ஹாரன் அடிச்சார்.

சக்கரவீடு
புலி அண்ணா, வால்வு போன வாரமே வச்சாச்சு. ஓட்டும்போது மூடியே இருக்கு, "குபுக்" இல்ல. நேத்து ராத்திரி குளிக்கும்போது திறக்க மறந்துட்டேன். மெத்தை மறுபடி வெயில்ல கிடக்கு.