முதுமலைக் கணக்கெடுப்பு நடையில் கண்டவை: கரடி, யானை, உண்ணிச்செடி

முதுமலைக்குள் சுற்றுலா வருகிறவர்கள் நடந்து போக முடியாது. வனக்காவலரோடு வனவிலங்குக் கணக்கெடுப்புக்கு நடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலங்கு எங்கே என்று கண்ணை ஓட்டுவதற்கு முன்னால், எந்த மரத்தடியில் நிற்கிறோம் என்று பாருங்கள். கார்குடிப் பக்கம் தேக்கு, கருமருது, வெக்காலி. கிழக்கே மசினகுடி தாண்டினால் மழை குறைந்து வேலமும் ஊஞ்சையும் நிற்கிற முட்காடு.

கோடையில் சரக்கொன்றைக் காய் முற்றியதும் கரடி அந்த மரத்தைத் தேடி வரும். எச்சத்தைக் குச்சியால் கிளறினால் தட்டையான பழுப்பு விதைகள் கொத்தாக இருக்கும். இலந்தைக் கொட்டை நிறைந்திருந்தால் அது பனிக்காலத்துத் தீனி. கறையான் புற்றில் புதுக் குழியும் வெளியே தள்ளிய ஈரமண்ணும் கண்டால் அங்கேயே நில்லுங்கள். குழிக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும் கரடிக்கு நம் காலடிச் சத்தம் கேட்காது. சட்டென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் பாய்ந்துவிடும். சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வந்த வழியே திரும்புவதுதான் நல்லது.

—

கரடி எச்சம் பற்றிச் சொன்னது சரி அண்ணா. யானைத் தடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 130 செ.மீ. என்றால் 2.6 மீட்டர், அந்த உயரத்துக்குப் பெரும்பாலும் ஆண் யானைதான். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். சேற்றில் தடம் பிதுங்கி விரியும், அதனால் அளவு கூடிவிடும். நடக்கும்போது பின்கால் முன்கால் தடத்தின் மேலேயே விழும். அதனால் கெட்டித் தரையில் மெல்லிய புழுதி படிந்த இடமாகப் பார்த்து, விளிம்பு முழுதாகத் தெரிகிற தடத்தை மட்டும் அளங்கள்.

—

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியவேண்டுமே! வெளியிலிருந்து வந்து காட்டைப் பிடித்துக்கொண்ட உண்ணிச்செடி (லண்டானா) புதராக மூடிய இடத்தில் பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. அதன் அடியில் புல் முளைக்காததால் புள்ளிமானும் காட்டெருமையும் மேய இடம் இல்லாமல் நகர்ந்துவிடும். மனசு ஆறவில்லை.

தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அதே கதைதான். மழை பெய்து மண் இளகியதும், காய் பழுப்பதற்கு முன்னால், மண்ணுக்குக் கீழே மூன்று, நான்கு செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டிச் செடியைப் பெயர்த்தெடுங்கள். வேர் மண்ணைத் தொடாதபடி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் மரக்கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். அதனால் அடுத்த இரண்டு, மூன்று மழைக்காலத்துக்கு மரத்தடி மரத்தடியாகப் போய் நாற்றுகளைக் கையால் பிடுங்கியாக வேண்டும். பல இடங்களில் முதல் வருடத்தோடு விட்டுவிடுகிறார்கள். அங்கெல்லாம் செடி திரும்ப வந்து நிற்கிறது.