பழுதுபார்க்கக்கூடிய லேப்டாப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக வைத்திருந்த என் உயர்விலை லேப்டாப்பில் இரண்டு விசைகள் மட்டுமே பழுதாயின. ஆனால் விசைப்பலகை மேற்சட்டத்தோடு இணைந்திருப்பதால், பேட்டரி உட்பட அந்தப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய கணினியின் விலையில் பாதியைக் கேட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிரல் எழுதுவதும் ஆய்வேடு தயாரிப்பதுமே என் வேலை. 32 ஜிபி ரேம் தேவைப்படும். பாகங்களை நாமே கழற்றி மாற்றக்கூடிய ஃப்ரேம்வொர்க் 13 லேப்டாப்பை வாங்குவதா, ஆப்பிளின் மேக்புக் ஏர் வாங்குவதா?

மறுமொழி 1:
தொடக்க விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2025இல் வந்த, எம்4 சிப் கொண்ட மேக்புக் ஏர் 999 டாலரில் தொடங்கியது. அதே ஆண்டின் ஃப்ரேம்வொர்க் 13, முழுதாகப் பொருத்தி வருவது 1,099 டாலரிலும் நாமே பொருத்திக்கொள்வது 899 டாலரிலும் தொடங்கின. பின்னதில் ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), சார்ஜர், விண்டோஸ் எதுவும் சேராது என்பதால், அவற்றையும் கூட்டிப் பார்த்தால் அப்போது ஏர்தான் மலிவாக இருந்தது. உங்களுக்கோ 32 ஜிபி வேண்டும். அந்த ஏரில் 16 ஜிபியை 32 ஆக்க 400 டாலர் கூடுதலாக இருந்தது. அதையும் வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும், பிறகு கூட்ட வழியில்லை. ஃப்ரேம்வொர்க்கில் பிறகும் கூட்டலாம்.

மறுமொழி 2:
2021இல் வந்த முதல் ஃப்ரேம்வொர்க்கை இன்றும் பயன்படுத்துகிறேன். அடிப்பக்கத்தில் ஐந்து திருகுகள். தளர்த்தினாலும் கழன்று விழாது, பெட்டியோடு வரும் திருப்புளியே போதும். காந்தப் பிடியில் நிற்கும், விசைப்பலகை உள்ள மேல்மூடியை மெல்லத் தூக்கி, டச்பேடிலிருந்து வரும் ஒற்றைப் பட்டை ஒயரைப் பிரித்தால், உள்ளே பாகங்களின் மேல் பெயரும் கியூஆர் குறியும் அச்சிட்டிருக்கும். தேநீர் கொட்டிக் கெட்டுப்போன மேல்மூடியை விசைப்பலகையோடு சமையலறை மேசையிலேயே கால்மணி நேரத்தில் மாற்றிவிட்டேன்.

சென்ற ஆண்டு அதே உடலில் ஏஎம்டியின் ரைசன் சிப் கொண்ட புதிய மதர்போர்டைப் பொருத்தினேன். திரையும் எஸ்எஸ்டியும் பழையவையே. ஆனால் டிடிஆர்4 என்ற பழைய வகை ரேம் அதில் ஏறாது. டிடிஆர்5 என்ற புதிய வகையைத் தனியாக வாங்க நேர்ந்தது. இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். கழற்றிய போர்டு இப்போது வீட்டில் கோப்புகளைச் சேமிக்கும் சர்வராக ஓடுகிறது.

மறுமொழி 3:
நாள் முழுவதும் சார்ஜர் இல்லாமல் நூலகத்தில் அமர்பவராக இருந்தால் ஏரையே வாங்குங்கள். அதில் விசிறி இல்லை, சத்தமும் இல்லை. பேட்டரி நிற்கும் நேரத்தில் ஃப்ரேம்வொர்க் அதற்கு ஈடாகாது. இரண்டுக்கும் நடுவே, 2024இல் வந்த லெனோவோவின் ஐந்தாம் தலைமுறை திங்க்பேட் டி14ஐயும் பாருங்கள்: ரேமையும் பேட்டரியையும் நாமே மாற்றலாம், கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் தளம், பழுதுபார்க்கும் எளிமைக்காக அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஆய்வகத்தில் என் மேசையருகிலேயே மின்இணைப்பு இருப்பதால் பேட்டரி எனக்குப் பெரிய குறையாக இராது. நாமே பொருத்தும் ஃப்ரேம்வொர்க்கையே எடுக்கிறேன். 32 ஜிபியை ஒரே பட்டையாக வாங்கி, மற்ற ரேம் இடத்தைப் பிற்காலத்துக்குக் காலியாக விடப்போகிறேன்.