அம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளைப் படை, வலி இல்லை. காத்திருக்கலாமா?

செந்தூல்காரி:
வணக்கம். அம்மாவுக்கு வயது 64. தோட்டத்தில் மரம் சீவின காலத்திலிருந்து வெற்றிலை போடுகிறார். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேரும், எப்போதும் இடது கன்னத்தில்தான் அடக்குவார். இப்போது அந்தப் பக்கம் உள்ளே ஐம்பது காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு படை. வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். கிளினிக்குக்குக் கூப்பிட்டால் "வலிச்சா சொல்றேன்" என்கிறார். எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்? வீட்டில் நாங்களே எப்படிப் பார்ப்பது? கோலாலம்பூரில் எங்கே போவது?

ஜெலுத்தோங் பல் மருத்துவர்:
ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப் போங்கள். வாய்ப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்போது கட்டி ஆழமாக இறங்கியிருக்கும், சிலருக்குக் கழுத்து நெறிக்கும் போயிருக்கும். வெள்ளைப் படை எல்லாமே புற்று இல்லை. பலருக்கு அது புற்றாக மாறாமலே இருக்கும். ஆனால் எது மாறும் எது மாறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கணக்கு புண்ணுக்குத்தான், படைக்கு அல்ல. சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். பொய்ப்பல் உரசியோ கூரான பல் குத்தியோ வந்த புண்ணாக இருந்தால், அந்தக் காரணத்தைச் சரிசெய்த பிறகு 14 நாள் கொடுக்கலாம். அதற்கு மேலும் அதே இடத்தில் இருந்தால் சதைப் பரிசோதனைதான். உங்கள் அம்மாவுக்கு இருப்பது வெற்றிலை அடக்குகிற அதே இடத்தில் வந்த படை, அதனால் நாள் எண்ண வேண்டியதில்லை.

படையில் எங்காவது சிவப்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு வெள்ளையை விட ஆபத்தானது. மேடு பள்ளமாக இருப்பதும், தொட்டால் இரத்தம் கசிவதும், விளிம்பு தடித்துக் கெட்டியாக இருப்பதும் அவசரம்.

செந்தூல்காரி:
நன்றி டாக்டர். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்லாமே பழுப்பாக இருக்கிறது, படை எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை. அம்மா வாயைப் பெரிதாகத் திறக்கவும் மாட்டேன் என்கிறார்.

பல் தாதி, பிரிக்பீல்ட்ஸ்:
அந்தப் பழுப்பு வெற்றிலைக் கறை. கன்னத்தோலில் ஒட்டிப் பொருக்கு போல நிற்கும், அடியில் இருப்பதை மறைத்துவிடும். ஒரு நாள் வெற்றிலையை நிறுத்தி, நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் பாருங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவி, ஃபோன் விளக்கை ஒருவர் பிடிக்க, சாப்பாட்டுக் கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை ஒதுக்குங்கள். ஈரத் துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தால் வெள்ளை பால்கட்டி போல வழன்று வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கும் மருந்து வேண்டும். துடைத்தும் போகாத வெள்ளைதான் கவலைக்குரியது. நகத்தால் சுரண்டாதீர்கள்.

நாக்கின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வது வழக்கமான தவறு. நுனியைத் துணியால் பிடித்து வலது பக்கம் இழுத்து இடது ஓரத்தையும், இடது பக்கம் இழுத்து வலது ஓரத்தையும் கடைவாய்ப்பல் வரை பாருங்கள். பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டச் சொல்லி அடியில் பாருங்கள். புகைக்கிறவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் அதிகம் வருவது நாக்கின் ஓரத்திலும் அடியிலும்தான். இரண்டு பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். வெற்றிலைக்காரர்களுக்குக் கன்னமும், கன்னமும் ஈறும் சேரும் பள்ளமும். உதட்டையும் உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். கடைசியாகத் தாடைக்கு அடியிலிருந்து கழுத்து வரை இரண்டு பக்கமும் தடவி, ஒரு பக்கம் மட்டும் கோலிக்குண்டு போல் நகராத கட்டி உண்டா என்று பாருங்கள்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு: பல் கடிபடும் மட்டத்தில் கன்னத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு, நாக்கின் மேற்பக்கத்தில் தொண்டைப் பக்கமாக வரிசையாக நிற்கும் பெரிய மொட்டுகள், கன்னத்தில் மஞ்சள் ரவை போன்ற புள்ளிகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகம் அதிகம்.

வாய் திறக்க மறுப்பது பிடிவாதமா, திறக்க முடியவில்லையா? அம்மாவின் சொந்த விரல் மூன்றைச் செங்குத்தாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

செந்தூல்காரி:
வைத்துப் பார்த்தோம் அக்கா, இரண்டுதான் போகிறது. காரமும் கொஞ்ச நாளாகத் தாங்கவில்லை. மாமா "புகையிலையை மட்டும் விட்டால் போதும், வெத்தலை உடம்புக்கு நல்லது" என்கிறார்.

ஜெலுத்தோங் பல் மருத்துவர்:
மூன்று விரல் போக வேண்டும், ஏறக்குறைய 35 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டுதான் போகிறது, காரம் எரிகிறது என்றால் கன்னத்தோலுக்கு அடியில் நார் இறுகும் நோயா என்று பார்க்க வேண்டும். கன்னத்தைத் தொட்டால் உள்ளே கயிறு ஓடுவது போலிருக்கும், தோல் பளிங்கு மாதிரி வெளுத்திருக்கும். இதற்குக் காரணம் பாக்குதான், புகையிலை அல்ல. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தில் நாரை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது, பாக்கிலுள்ள செம்பு அந்த நாரைப் பின்னிக் கெட்டியாக்குகிறது. சுண்ணாம்பு அரிகோலினின் வேலையை இன்னும் தீவிரமாக்குகிறது, தோலையும் அரிக்கிறது. இறுகிய நார் முழுதாகத் தளராது, பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். வெள்ளைப் படை சிலருக்குப் பழக்கத்தை விட்டதும் சுருங்கும். அப்படிச் சுருங்கினாலும் கண்காணிப்பு வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைத் தாம்பூலத்தையும், 2004-இல் வெளிவந்த தொகுப்பில் புகையிலை சேராததையும், பாக்கைத் தனியாகவும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. வெறும் வெற்றிலை இலை அந்தப் பட்டியலில் இல்லை. பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்கும் பாக்குத்தான்.

பல் தாதி, பிரிக்பீல்ட்ஸ்:
விடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாக்கு பழகின மூளைக்கு நிறுத்திய முதல் சில நாட்கள் தலைவலி, எரிச்சல், சோர்வு வரும். அம்மா சண்டை போட்டால் அதுதான் காரணம், கோபிக்காதீர்கள். சாப்பாடு முடிந்ததும் கை தானாக வெற்றிலைப் பெட்டிக்குப் போகும், அந்த நேரத்தில் சோம்பும் ஏலக்காயும் கையில் இருக்கட்டும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும், இரவு முழுக்க ஒரே இடத்தில் ஊறுவதுதான் மிகக் கெடுதல்.

நோயியல் லேப், கோலாலம்பூர்:
எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கு (கிளினிக் பெர்கிகியான்) போய் "வாய்ப் புற்றுச் சோதனை, படை இருக்கிறது" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பல்வலி என்று நம்பர் எடுத்தால் பல்லைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு (சூராட் ருஜுக்கான்) கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு (பெடா முலுட்) போக வேண்டும். பினாங்கில் பினாங்கு பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவத் துறையும் இதைப் பார்க்கும்.

சதைப் பரிசோதனை என்றால் கத்தி பட்டால் பரவிவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். அதை நம்பாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, படையின் மோசமான பகுதியில் சில மில்லிமீட்டர் அளவு எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிவில் டிஸ்பிளேசியா என்று வந்தால் அது புற்று அல்ல, அணுக்கள் மாறத் தொடங்கிய நிலை. லேசா, நடுத்தரமா, கடுமையா என்று கேளுங்கள், அதைப் பொறுத்துத்தான் வெட்டி எடுப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா என்று முடிவாகும். ஒன்றுமில்லை என்று வந்தும் படை அப்படியே இருந்தால், எடுத்த துண்டு வேறு இடத்தினதாக இருக்கலாம், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று: ஃபார்மசியில் வாய்ப்புண் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். சிலவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு எரிச்சலைக் குறைத்து ஆறுகிற மாதிரிக் காட்டும், மாதங்கள் ஓடிவிடும். ஆடுகிற பல்லை வேறெங்காவது போய்ப் பிடுங்கவும் வேண்டாம், பல் ஆடுவதே எலும்பில் கட்டி இறங்கியதாலும் இருக்கலாம், அப்படிப் பிடுங்கிய குழி ஆறவே ஆறாது.

செந்தூல்காரி:
எல்லாருக்கும் நன்றி. திங்கள் காலை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். ஞாயிறு முதல் வெற்றிலையை நிறுத்த அம்மா ஒத்துக்கொண்டார்.

பல் தாதி, பிரிக்பீல்ட்ஸ்:
நல்லது. படையை இன்றைக்கே ஃபோனில் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓர் ஐம்பது காசைத் துணியில் வைத்து அளவுக்கு. அடுத்த தடவை வளர்ந்ததா என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.