அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜாமீன் விசாரணையை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கப் பண ஜாமீன் (நீதிமன்றம் சொல்லும் பணத்தைக் கட்டினால்தான் வழக்கு முடியும்வரை வெளியே இருக்கலாம் என்ற முறை) பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசப் போகிறேன். காலிஃப் பிரௌடர் கதையைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. 2010இல் பையைத் திருடினான் என்று நியூயார்க்கில் பிடித்தபோது வயது 16. ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் அந்தப் பணம் இல்லை. விசாரணையே நடக்காமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு, பெரும்பகுதி தனிமைச் சிறை. கடைசியில் வழக்கையே கைவிட்டார்கள். 2015இல் தற்கொலை செய்துகொண்டான்.

இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை அடியோடு ஒழித்தது. இப்போது ஒருவரை உள்ளே வைக்க அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, காரணத்தை நிரூபிக்க வேண்டும். சிகாகோ பக்கம் இருப்பவர்களே, அந்த விசாரணை எவ்வளவு நேரம் நடக்கிறது? அரசு தரும் வக்கீலுக்குக் கட்சிக்காரரிடம் பேச அவகாசம் கிடைக்கிறதா? குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதுவும் எனக்கு முக்கியம். கமெண்டிலோ இன்பாக்ஸிலோ சொல்லுங்கள், ப்ளீஸ்.