ஈஸ்டருக்குத் தெளிவாக இருந்த படம் ஜூலையில் உடைகிறது, ஏன்?

பனிக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க்கின் கிழக்குப் பக்கம், வரங்கர் கடல்நீரேரியின் உள்மூலையில் எங்களுக்கு ஒரு சின்ன மலைவீடு இருக்கிறது. மின்சாரம் உண்டு, கேபிள் இல்லை. கைபேசியில் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம், அதனால் 'இணையத்தில் பார்க்கலாமே' என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு மீற்றர் பனியில் நின்றுகொண்டு 80 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றை நானே சுவரில் பூட்டினேன். மேற்கு 0.8 பாகையில் இருக்கும் தோர் செயற்கைக்கோளுக்குத் திருப்பியதும் சிக்னல் தரம் 70க்கு மேல் காட்டியது. இப்போது 25ஐத் தாண்டவில்லை. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது. காற்று அடித்தால் ஒரு நிமிடம் வரும், அப்புறம் போய்விடும். கடைக்காரர் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் கம்பி முனையில் நின்று சிக்னலை வாங்கும் கருவி) பழுது என்றார். புதிது வாங்கிப் போட்டேன், 400 குரோனர் போனதுதான் மிச்சம்.

அப்பாவுக்கு 78 வயது. இருபது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவர், நோர்வேஜிய மொழியை ஏழு மணிச் செய்தி பார்த்தே பிடித்தவர். அந்தச் செய்தி இல்லாவிட்டால் அவருக்கு அன்றைய நாள் முடியாது. படம் இணைத்திருக்கிறேன்.

ஸ்காபரோ சின்னவன்:
அண்ணை, படத்தைப் பார்த்தேன். உங்கட டிஷ் நிலத்தைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது! கொழுவி தளர்ந்து விழுந்திருக்கும். முகத்தை மேலே தூக்கி இறுக்குங்கோ. இங்கே கனடாவில் எங்கள் வீட்டு டிஷ் வானத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

ஏணிக்காரன்:
தம்பி சின்னவன், பொறுங்கோ. பனிக்காட்டான், அதைத் தூக்கிவிடாதீர்கள், இருப்பதும் போய்விடும்.

நான் துரொம்ஸோவில் பல வருடம் அன்ரெனா வேலை செய்தவன். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. வடக்கே போகப் போக அது தொடுவானத்தை நோக்கி இறங்கும். உங்கள் இடத்தில் தோர் எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். சுவால்பார்டின் லோங்இயர்பியனில் மூன்று பாகை கூட இல்லை. 81 பாகை அகலாங்கைத் தாண்டினால் பூமியே மறைத்துவிடும்.

இந்த வகை டிஷ்ஷில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்பதால், அது செங்குத்தாக நின்றாலே ஏறக்குறைய 25 பாகை மேலே பார்க்கும். எட்டரைக்கு இறக்க வேண்டுமென்றால் முகம் குனியத்தான் வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு, பனி அதில் தங்காது.

தூரம் கூடியதால் சிக்னல் பலவீனம் என்று பலர் நினைப்பார்கள். கூடுவது ஐயாயிரம் கிலோமீற்றர்தான், இழப்பு ஒரு டெசிபெல் அளவு, அது சொற்பம். உண்மையான தொல்லை, இவ்வளவு தாழ்வாக வரும் கதிர் வழியில் எல்லாவற்றிலும் முட்டும்: மேடு, பக்கத்து வீட்டுக் கூரை, மரம். நீங்கள் பூட்டியது ஈஸ்டரில். அப்போது பேர்ச் மரங்களில் இலை இருந்ததா?

ஒரு வேலை செய்யுங்கள். கொம்பாஸை நம்பாதீர்கள், உங்கள் பக்கம் ஊசி பத்துப் பாகைக்கும் கூடுதலாக விலகும். வெயில் உள்ள நாளில் பகல் 1.50 மணிக்கு டிஷ் பக்கத்தில் ஒரு தடியை நட்டு நிழலைப் பாருங்கள். நிழலுக்கு நேர் எதிர்த்திசைதான் தோர். அந்தப் பக்கம் கையை முழுதாக நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தில் வையுங்கள். முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகை. முஷ்டிக்கு மேலே இலை தெரிந்தால் கள்ளன் அகப்பட்டான்.

பனிக்காட்டான்:
அகப்பட்டான், அண்ணை. மூன்று பேர்!

1.50க்குத் தடி நட்டேன். நிழலுக்கு எதிரே இருபத்தைந்து மீற்றரில் மூன்று பேர்ச் மரங்கள், ஆறு மீற்றர் இருக்கும். ஈஸ்டரில் அவை வெறும் குச்சி, கண்ணிலேயே படவில்லை. போதாததற்கு நான் நின்ற பனி உருகியதில் என் கண்ணும் ஒரு மீற்றர் இறங்கியிருக்கிறது. மகன் நடு மரத்தில் வள்ளக் கயிற்றைக் கட்டி ஒரு பக்கமாக இழுத்தான். நான் உள்ளே சிக்னல் தர அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 22, 31, 58. கயிற்றை விட்டான், திரும்ப 24. காற்றடித்தால் படம் வந்த மர்மமும் அதோடு தீர்ந்தது.

மரங்கள் பக்கத்துக் காணியில் நிற்கின்றன, வெட்டச் சொல்லிக் கேட்க மனமில்லை. டிஷ்ஷை ஒன்பது மீற்றர் தள்ளி விறகுக் கொட்டிலின் மூலைக்கு மாற்றிவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடப்பக்கம் வெளி. இப்போது 74.

ஏணிக்காரன்:
நல்லது. கொட்டில் மூலை காற்றில் ஆடும், பின்னால் ஒரு முட்டுக் கொடுங்கள். வெளிக் கேபிள் முனைக்கு ரப்பர் ஒட்டுநாடா சுற்றுங்கள், கடல் உப்பு ஒரே குளிர்காலத்தில் அதைப் பச்சையாக்கிவிடும். அப்புறம் ஒக்டோபர் நடுவில் சில நாள், கொஞ்ச நேரம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும் நேரம் அது. அப்போது எல்.என்.பி. வாங்க ஓட வேண்டாம்.

பனிக்காட்டான்:
குறித்துக்கொண்டேன். பழைய எல்.என்.பி.யும் நல்லாத்தான் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா? அப்பா ஏழு மணிக்கு முன்னால் இதை எழுதி முடி என்கிறார்.

ஸ்காபரோ சின்னவன்:
குனிந்த டிஷ் பற்றிச் சொன்னதுக்கு மன்னிக்கவும் அண்ணை. அந்த எல்.என்.பி.யை எனக்கு அனுப்பிவிடுங்கோ.

ஏணிக்காரன்:
அது உங்கட பக்கம் சரிவராது தம்பி. அலைவரிசை வேறு.