‘ஜூரிஸ்டிக்சன்’ என்பதற்கு ‘அதிகார வரம்பு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் அமைப்பு. அதன் சட்டத்துக்கான நம் சொற்பட்டியலில் ‘ஜூரிஸ்டிக்சன்’ (எந்த வழக்கை எந்த மன்றம் எடுக்கலாம் என்பதன் எல்லை) என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அதிகார வரம்பு, ஆள்வரை, இலங்கை நண்பர் தந்த நியாயாதிக்கம். “அதிகார வரம்பு ஊரறிந்த சொல், அதை ஏன் கிளற வேண்டும்?” என்று நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று கேட்டிருந்தார். புழங்குகிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிது புகுத்துவதில் எனக்கும் ஆசை இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் மக்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஓர் அம்மா. பக்கத்துத் தொழிற்கூடத்தின் கழிவால் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி, தென்னைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோயின. அந்தக் கூடத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையை (இயங்குவதற்கான அனுமதியை) எதிர்த்து அவர் நேரே தீர்ப்பாயத்துக்குப் போனார், மனு தள்ளுபடி. அந்த ஆணையின் தமிழ்ச் சுருக்கத்தை நான்காக மடித்து ஒரு மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார். எடுத்துப் பிரித்து, ‘அதிகார வரம்பு இல்லை’ என்ற வரியில் விரலை வைத்து, “இவங்களுக்கே அதிகாரம் இல்லைன்னா வேற யாருக்குத்தான் தம்பி இருக்கு?” என்று கேட்டார்.

ஆணை சொன்னது வேறு. தண்ணீர்ச் சட்டப்படி வாரியத்தின் இசைவாணையை எதிர்த்து முதலில் போக வேண்டிய இடம் அதற்கென்று உள்ள மேல்முறையீட்டு அமைப்பு. அதன் முடிவிலும் குறை இருந்தால்தான் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம். ஆக, மூடியிருந்தது ஒரு கதவு. அதே கிணற்றுக்காக, அதே தீர்ப்பாயத்தில், 15-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கும் கதவு திறந்துதான் இருந்தது. அதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. ‘அதிகாரம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாமே முடிந்துவிட்டது என்று அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மாதங்கள் போயின.

படிப்பறிவு குறைந்தவர்களின் சிக்கல் இது என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்டெர்லைட் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2018 மே மாதம் தமிழ்நாடு அரசு ஆலையை மூட ஆணையிட்டது; டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது; 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவைத் தள்ளியது. அன்று ஒரு நண்பர் விவரம் கேட்டபோது, “தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லையாம்” என்று நானே சொன்னேன். முழுத் தீர்ப்பையும் பிறகு படித்தபோதுதான் அதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருப்பது புரிந்தது. ஒன்று, அந்த மேல்முறையீட்டைத் தீர்ப்பாயம் எடுத்திருக்கவே கூடாது; நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இன்னொன்று, சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகளையே செல்லாதவை என்று அறிவிக்கும் ஆற்றல் தீர்ப்பாயத்துக்குக் கிடையாது. முன்னது எந்த வழக்கைத் தொடலாம் என்பது பற்றியது. பின்னது, தொட்ட வழக்கில் என்ன செய்யலாம் என்பது பற்றியது. ஒரே தீர்ப்பு இரண்டையும் பேசுகிறது. தமிழில் நாம் இரண்டுக்கும் ‘அதிகாரம்’ என்கிறோம்.

‘வரம்பு’ம் உதவவில்லை. 14-ஆம் பிரிவையே எடுத்துக்கொள்வோம். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இதைக் ‘கால வரம்பு’ என்று எழுதுகிறோம். அதே பிரிவின் முதல் வரியிலேயே ‘அதிகார வரம்பு’ வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு வரம்புகள். வாசிப்பவர் கெடு தாண்டிவிட்டது என்று நினைப்பாரா, இடம் மாறிவிட்டது என்று நினைப்பாரா? தமிழ்க் காதுக்கு ‘வரம்பு’ என்றாலே ‘மீறாதே’ என்றுதான் கேட்கிறது. ‘இது உன் இடம்’ என்ற உரிமைப் பொருள் அதில் மங்கலாகவே இருக்கிறது.

சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள்? காவல் நிலையத்துக்குப் புகார் கொண்டுபோனவர்கள் எல்லாரும் கேட்டிருப்போம்: “இது எங்க லிமிட்ல வராது, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க.” அங்கே யாரும் ‘போலீசுக்கு அதிகாரம் இல்லை’ என்று புரிந்துகொள்வதில்லை. அடுத்த நிலையம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் அச்சாக அதுதான். அந்த ‘லிமிட்’டுக்கு நம்மிடம் ‘எல்லை’ இருக்கிறது. எதன் எல்லை? வழக்கை ஏற்பதன் எல்லை. எனவே என் முன்மொழிவு: ஏற்பெல்லை.

சட்டத்தின்மேல் பொருத்திப் பார்த்தேன். சென்னை அமர்வு தென்மாநில வழக்குகளைக் கேட்பது அதன் நில ஏற்பெல்லை. முதல் அட்டவணையில் உள்ள 7 சட்டங்களிலிருந்து எழும் சிவில் வழக்குகள் மட்டுமே வரலாம் என்பது பொருள் ஏற்பெல்லை. தண்ணீர், காற்று, காடு பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர் வளம் ஆகியவற்றுக்கான சட்டங்கள் அந்த அட்டவணையில் உண்டு. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. ஆகவே ‘மான் வேட்டை வழக்கு தீர்ப்பாயத்தின் ஏற்பெல்லைக்குள் வராது’. இந்த வாக்கியத்தை இரண்டு பேரிடம் படித்துக் காட்டினேன். இருவருமே “அப்போ எங்கே வரும்?” என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியை எழுப்புகிற சொல்தான் நமக்கு வேண்டும். 14-ஆம் பிரிவு முதல்நிலை ஏற்பெல்லை, 16-ஆம் பிரிவு மேல்முறையீட்டு ஏற்பெல்லை. ‘அதிகாரம்’ இனி தன் வேலையை மட்டும் பார்க்கும்: இடைக்காலத் தடை, இழப்பீடு, கெட்ட நிலத்தைச் சீராக்கச் சொல்லும் ஆணை, சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் அதை நிறைவேற்றும் ஆற்றல்.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. ‘சூவோ மோட்டு’வை நாளிதழ்கள் ‘தாமாக முன்வந்து’ என்று எழுதுகின்றன. அழகான தொடர், அதை மாற்ற வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் திணறுகிறது: ‘தாமாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் பற்றிய மேல்முறையீடு’. அந்த இடத்தில் ‘தன்னேற்பு’ போடலாம். மும்பைக் குப்பை பற்றிய கட்டுரையை வைத்துத் தீர்ப்பாயம் தானாகக் கையிலெடுத்த விவகாரத்தில், 2021 அக்டோபர் 7 அன்று, தன்னேற்பு தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் அப்படி வெளிப்படையாக ஒரு வரியும் இல்லை. அதன் நோக்கத்திலிருந்து நீதிமன்றம் பொருள்கொண்டது. மனுப் போட ஆளில்லாத ஆற்றுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய துணை! 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியபோது தென்மண்டல அமர்வு தானாக வழக்கெடுத்ததை எல்லாரும் அறிவோம்.

மறுப்பு வரும் என்று தெரியும். ‘வழக்கு ஏற்கப்பட்டது’ என்றால் விசாரணைக்கு எடுத்தாயிற்று என்று பொருள், ஏற்பெல்லை அதனோடு மோதாதா? மோதாது என்றே நினைக்கிறேன். ஏற்பு ஒருநாள் நிகழ்வு, ஏற்பெல்லை நிலையானது. ‘ஆள்வரை’ சுருக்கமான சொல்தான், ஆனால் விளக்காமல் யாருக்கும் புரியவில்லை. நியாயாதிக்கம் இலங்கையில் வேரூன்றிய சொல்; அவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும், நம் பட்டியலில் இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம்.

‘ரெஸ்டிட்யூஷன்’ பற்றியும் ஒரு வார்த்தை. 15-ஆம் பிரிவு இழப்பீட்டையும் அதையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டையும் ‘இழப்பீடு’ என்று மொழிபெயர்த்தால் பணம் கட்டியதோடு கணக்கு தீர்ந்ததாகிவிடும். கிணற்றை முன்பிருந்தபடி ஆக்கித் தருவது வேறு. ‘மீளமைப்பு’ என்று குறித்திருக்கிறேன். ஆற்றுக்கும் நிலத்துக்கும் அது பொருந்துகிறது. சேதமான வீடு, தோப்பு போன்ற தனியார் உடைமைக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது புதிய மனு ஒன்று தயாராகிறது. முதல் பத்தியில் ‘இந்த மனு தீர்ப்பாயத்தின் ஏற்பெல்லைக்குள் வருகிறது, ஏனென்றால்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலை முடிப்பதற்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.