கௌதாரி, கண்கிலேடி, ஆக்காட்டி: தரையில நடக்குற பறவைகளை வழியில பார்த்தவங்க எழுதுங்க

செவக்காட்டான்:
நாங்குநேரிக்குத் தெக்க எங்க மானாவாரிக் காட்டை ஒட்டி சோலார் வந்துட்டு, உங்களுக்கே தெரியும். ஆடிக் காத்து மண்ணை அள்ளி வீசுன ஒரு காலையில, வலைக்கம்பி வேலி ஓரமா ஒரு கௌதாரி. உள்ள அஞ்சு குஞ்சு. அதுக கம்பிக் கண்ணி வழியா நுழைஞ்சு போயிட்டு, தாயி வெளிய நிக்கி. ஒரு கண்ணியில தலையை விடும், தோள் தட்டும், இழுத்துக்கிடும். நாலடி ஓடி அடுத்த கண்ணி. உள்ள குஞ்சுகளும் அது கூடவே வேலியை ஒட்டி ஓடுது. பறந்தா ஒரே எத்துல தாண்டிரும். ஆனா குஞ்சோட இருக்கும்போது அது நடக்கத்தான் பார்க்கும்.

பொறுக்கமாட்டாம நான் போயி வேலி அடியைத் தூக்கினேன். விர்ர்ருனு எழும்பி எங்க உடைமரக் காட்டுக்குள்ள போயிட்டு. குஞ்சுக மண்ணோட மண்ணா படுத்துட்டு, ஒண்ணுகூட கண்ணுக்குத் தெரியல. பனை மறைவுல அரைமணி நேரம் நின்னேன். திரும்பல. நான் கிட்டப் போகாம இருந்திருந்தா வழி கண்டுபிடிச்சிருக்குமோ? ரெண்டு மாசமா இதே நினைப்பு.

காத்தாடிக்காட்டு ராத்திரி:
ராதாபுரம் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடியில ராத்திரி வேலை. ஒரு காத்தாடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சரளை ரோடு. பைக் வெளிச்சத்துல ரோட்டு நடுவுல ஒரு கல்லு. கிட்டப் போனா கல்லுக்குக் கண்ணு இருக்கு, மஞ்சளா, பெருசா. கண்கிலேடி. கழுத்தைத் தரையோட நீட்டி ஒட்டிக் கிடக்கு. ஒரு முழம் தள்ளி ஒரு குஞ்சும் அதே மாதிரி. லைட்டை அணைச்சிட்டு நின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு சரளையில பொடிப்பொடியா காலடிச் சத்தம் மட்டும் கேட்டுது.

அது முட்டை வைக்கிறது வெறுங்கட்டாந்தரையில. நாம போட்ட சரளை அதுக்கு வீடு மாதிரியே இருக்கு. ஆபத்து வந்தா ஓடாம படுத்துக்கிடும், ரோட்டுல அதுதான் எமன். மறுநாள் அந்த வழியா றெக்கை ஏத்துன நீள லாரி போச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கல.

பொத்தையடி விவசாயி:
முதல்ல எழுதுன தம்பி, வேலிகிட்ட போனதே தப்பு. தள்ளி நின்னா அதுவே கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கும். நான் உழும்போது மஞ்சள்மூக்கு ஆக்காட்டி முட்டை நாலு பார்த்து, டிராக்டரை வளைச்சு ஓட்டினேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் கேட்டுக்கிடுங்க. முன்னால நம்ம ஊருல கள்ளி, கிளுவை, கத்தாழைன்னு உயிர்வேலி. அடி திறந்திருக்கும், மேல முள்ளு மூடியிருக்கும். பருந்து கண்ணுல படாம ஒரு காட்டுலருந்து அடுத்த காட்டுக்கு கௌதாரி அதுக்குள்ளேயே போயிரும். அதைப் பிடுங்கிட்டு கம்பி போட்டோம். போடுறவங்க அடியில அங்கங்க ஒரு சாண் இடைவெளி விடுங்க. ஓடைக்கரைப் புதரை ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல ஜேசிபி விட்டு வழிக்காதீங்க, ஒரு கரையாவது நிக்கட்டும். கூண்டுக் கௌதாரியைக் கத்தவிட்டு கண்ணி வைக்கிறவனை ஊருக்குள்ள விடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். தெருநாய்க்குக் காட்டோரம் கோழிக்கழிவு கொட்டாதீங்க. எல்லாத்துக்கும் மேல மயிலு. முட்டை குஞ்சுன்னு பார்க்காது. மயில் பெருகித்தான் மத்தது அழிஞ்சுது.

வள்ளியூர் மருமகள்:
அண்ணாச்சி, மத்தது எல்லாம் சரி, மயில் மேல மட்டும் மொத்தப் பழியையும் போடாதீங்க. 2023-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில மயில் கூடியிருக்குன்னும், புல்வெளி மாதிரித் திறந்தவெளியை நம்பிய பறவைகள் குறையுதுன்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா நடந்ததால ஒண்ணாலதான் மத்ததுன்னு ஆகிருமா? மயில் கிடைச்சதைத் தின்னும், உயர்ந்த மரத்துல அடையும். துண்டு துண்டான காட்டுலயும் அது பிழைச்சுக்கிடும். தாழ்ந்த புதரை நம்பின கௌதாரிக்கு அது முடியாதே.

எங்க ஆச்சி புடைக்கும்போதெல்லாம் "வரகுக்கோழி"ன்னு ஒரு பேரு சொல்லும். புஞ்சையில வரகுக்குள்ள நிக்குமாம், தலை மட்டும் தெரியுமாம். ஆச்சியே பார்த்ததில்ல, ஆச்சியோட அம்மா சொன்னது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் மழைக்காலத்துல குஞ்சு பொரிக்கிற பறவை, மத்த நாள்ல தெக்கேயும் வந்ததுதான். இப்ப உலக அளவுல மிக அருகிய பட்டியல்ல இருக்கு. எங்க புஞ்சையில இப்ப வரகும் இல்ல. முறத்தைத் தட்டிக்கிட்டே ஆச்சி அந்தப் பேரைச் சொன்ன விதம்தான் எனக்கு மறக்கமாட்டேங்குது.

செவக்காட்டான்:
அண்ணாச்சி, தப்புதான், ஒத்துக்கிடுதேன். நேத்து சோலார் காவலாளிகிட்ட, வேலிக்கு அடியில ஒரு சாண் மண்ணைத் தோண்டிக்கிடட்டுமான்னு கேட்டேன். பாம்பு வரும், மேல கேக்கணும்னாரு. வெள்ளிக்கிழமை மறுபடி போறேன். விடியக்காலம் உள்ள இருந்து ஒரு கௌதாரி கத்துது. அந்தக் குஞ்சா, வேற எதுவுமான்னு தெரியல.